ஈர நிலமும் கடல் கடந்த குதிரையும்

தமிழக வரலாற்றை எழுதியோர் பலரும் தவறாமல் எடுத்தாளும் செய்தி ஒன்றுண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்தது அது. இந்நாட்டில் குதிரை பிறப்பதில்லை. அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்வழியே தருவிக்கின்றனர். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரையைப் பேணும் முறையை இம்மக்கள் அறியாததே அதற்குக் காரணம் என்கிறார் போலோ. இக்கூற்றின் முற்பாதியை ஏற்பதில் நமக்குத் தடையேதுமில்லை. பிற்பாதிதான் நெருடுகிறது. காட்டு யானையைப் பிடித்துப் பழக்கி, நோய் கண்டு மருந்து தந்து, போர்க்களத்துக்கும் நடத்திச் சென்ற ஒரு மக்கள் கூட்டத்துக்குக் குதிரையைக் காக்க மட்டும் தெரியாமற் போயிற்று என்றால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அக்குதிரைகளைக் கொன்றது அறியாமைதானா, அல்லது அவை நின்ற மண்ணா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இக்கேள்வியைப் பட்டாபிராமை நடுவில் வைத்துக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தெற்கே கூவம், வடக்கே கொசத்தலையாறு. இடையில் ஏரிகள் தொடராகக் கிடக்கும் தட்டையான நிலம் இது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை இந்நிலத்தின் ஊடாகத்தான் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் மழை அடித்துப் பெய்தால் இங்கே நீர் எங்கே நிற்கும், எங்கே வடியும் என்பது இப்பகுதியில் வாழ்வோர் அனைவரும் அறிந்ததே. 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் ஆவடி வட்டாரம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். மனிதரையே கட்டிலின்மேல் ஏற்றிவிடும் இம்மண்ணில், பாலைவனத்தில் பிறந்த ஒரு விலங்கு எப்படி நின்றிருக்கும்? அங்கிருந்து தொடங்குவதே முறை.

முதலில் வணிகம். கடல்வழியே வந்த குதிரைகள் புகார்த் துறையில் நின்றதைப் பட்டினப்பாலை பேசுகிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. பாண்டியர் காலத்தில் இவ்வணிகம் உச்சத்தைத் தொட்டது. ஐந்து உடன்பிறந்த அரசர்கள் ஆண்டதாகவும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும் போலோ கூறுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கைஸ் தீவிலிருந்து மட்டும் 1,400 குதிரைகளும், பாரசீக வளைகுடாவின் பிற துறைகளையும் சேர்த்தால் 10,000 குதிரைகளும் ஆண்டுதோறும் மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட்டதாகவும், குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் எழுதினார். இவ்வெண்களில் மிகை இருக்கலாம். எனினும் ஒருவரையொருவர் அறியாத இருவரின் கணக்கும் ஏறத்தாழ ஒத்துவருவது ஈண்டு நோக்கத்தக்கது.

வஸ்ஸாஃப் தரும் இன்னொரு குறிப்பு இன்னும் சுவையானது. வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் அரசன் முழு விலை கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தமாம். இரண்டு நூற்றாண்டு கழித்து விசயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியரான நூனிஸும் இதையே சொல்கிறார். சாளுவ நரசிம்மர் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற கணக்கில் வாங்கினாராம்; கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ளதற்கு ஈடாகவே விலை கிடைத்ததாம். குதிரை இறந்தால் இழப்பு அரசனுக்கே, வணிகனுக்கு அன்று. குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டுக்கு வராமல் அவ்வணிகர்களே தடுத்தனர் என்றும் போலோ எழுதுகிறார். குதிரைகள் மடிய மடியத்தான் அடுத்த ஆண்டுக்கான சரக்கு விலைபோகும். அறியாமை என்று போலோ பெயரிட்டதன் ஒரு பகுதி, பொருள் கருதி வளர்க்கப்பட்ட அறியாமை என்பதை அவர் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

அடுத்து, தீனி. இங்கே குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்ததாகப் போலோ வியக்கிறார். வஸ்ஸாஃபோ வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாக எழுதுகிறார். வந்த குதிரைகளைக் கயிற்றாலும் முளையாலும் பிணித்து, கொழுக்கட்டும் என்று 40 நாள் இலாயத்திலேயே நிறுத்திவைப்பர். பின்னர் முறையாகப் பழக்காமலே ஏறி விரட்டுவர். விரைவிலேயே குதிரை தளர்ந்துவிடும் என்பது அவர் தரும் சித்திரம். வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்துகொண்டு கேள்விப்பட்டதை எழுதியவர் என்பதை மறக்கலாகாது. ஆயினும் இக்குறிப்பை முற்றிலும் தள்ளவும் இயலாது. கொழுத்த தீனியும் அசையாத கால்களும் சேர்ந்தால் குளம்பின் உட்சதை அழன்று, குதிரை நிற்கவே முடியாமல் போகும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவமும் உறுதிசெய்கிறது. இந்த அளவில் போலோவின் பழி நியாயமே.

ஆனால் அந்த 40 நாள் எந்தப் பருவத்தில் வந்தது என்பதை அவ்விருவரும் கேட்கவில்லை. தென்மேற்குக் காற்றின் கடும் வேகம் தணியும் ஆகஸ்ட் இறுதியில்தான் ஏடன் போன்ற துறைகளிலிருந்து குதிரைக் கலங்கள் இந்தியாவை நோக்கிப் புறப்படும். நம் கணக்கில் அது ஆவணி. இவ்விடத்தில் மாணிக்கவாசகர் கதை நினைவுக்கு வருகிறது. பாண்டியன் தந்த பொருளைத் திருப்பெருந்துறையில் இறைப்பணிக்குச் செலவிட்ட அமைச்சர், ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேரும் என்று அரசனுக்குச் சொல்லியனுப்புகிறார். சொன்ன நாளில் குதிரைகள் வருகின்றன. இரவில் அவை நரிகளாகித் தம் காட்டுக்கு ஓடுகின்றன. ஓடும்முன் இலாயத்தில் முன்னரே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறுகின்றன. அதையடுத்து வைகையில் வெள்ளம் பெருகுகிறது. பிட்டுக்கு மண் சுமந்த கதை அதன் தொடர்ச்சி. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இவ்விரு திருவிளையாடல்களும் அடுத்தடுத்து நடத்திக் காட்டப்படுகின்றன.

இதை வரலாற்று ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பதன்று நம் கருத்து. பக்தி இலக்கியத்துக்கு அதற்கே உரிய பொருள் உண்டு. எனினும், ஆவணியில் வந்திறங்கும் குதிரை, ஓரிரவில் பாழாகும் இலாயம், தொடர்ந்து வரும் வெள்ளம் என்ற வரிசையைப் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்கிய ஒரு நாடு தன் நினைவில் வைத்திருந்தது என்பது பொருளற்றதன்று. ஆவணியில் இறங்கிய குதிரை இலாயத்தில் கட்டுண்டு நிற்கையில் புரட்டாசி போய் ஐப்பசி வந்துவிடும். சோழ மண்டலக் கரையின் பெருமழை அப்போது தொடங்கும்.

மழையில் குதிரைக்கு நேர்வதென்ன? குளம்பு நம் நகத்தை ஒத்த பொருளால் ஆனது. வறண்ட நிலத்தில் அது கல்போல் இறுகியிருக்கும். நாட்கணக்கில் ஈரத்தில் நின்றால் நீரை உறிஞ்சி மெத்தென்றாகிவிடும். அப்போது சிறு கல் குத்தினாலும் உள்ளே காயம் படும். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் ஒரு மென்பகுதி உண்டு. அதன் பள்ளங்களில் சாணமும் சேறும் அடைந்து காற்றுப் புகாமற் போனால் அப்பகுதி அழுகி, கருத்த கசிவும் தாங்க முடியாத நாற்றமும் உண்டாகும். கணைக்காலில் சேறு அப்பிக் காயாமல் கிடந்தால் தோல் வெடித்துப் பொருக்குத் தட்டும். முதுகில் மழைநீர் ஊறிக்கொண்டே இருந்தால் மயிர் கற்றை கற்றையாகக் கழன்று வரும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை; கவனித்தால் தடுக்கக் கூடியவை.

கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு உண்டு. ஒன்று, வட இந்தியாவில் ‘பர்சாத்தி’ என்று பெயர் பெற்ற புண். பர்சாத் என்றால் மழை. மழைக்காலத்தில் தோன்றி, எம்மருந்துக்கும் ஆறாமல் வளர்ந்துகொண்டே போகும் இப்புண்ணைக் கண்டு 19-ஆம் நூற்றாண்டுப் படை மருத்துவர்கள் திகைத்தனர். ஈக்கள் கொண்டுவரும் புழுவின் இளம் பருவமும், தேங்கிய நீரில் வாழும் பூஞ்சை போன்றதோர் உயிரியும் இத்தகைய புண்களை உண்டாக்குகின்றன என்பது பிற்காலத்து அறிவு. நெல்வயலின் நீர் அவ்வுயிரிக்கு மிக உகந்த இடம்.

மற்றொன்று, ‘கும்ரி’. இடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நேற்றுவரை ஓடிய குதிரை இன்று பின்னங்கால்களை இழுத்து நடக்கும், இடுப்பு தள்ளாடும், சில நாளில் விழுந்துவிடும். ஈரப்பதம், குளிர்காற்று, தீனி என்று எதையெதையோ இதற்குக் காரணம் சொல்லி வந்தனர். 1955-இல் இன்னஸ், பிள்ளை என்னும் இரு ஆய்வாளர்கள் இலங்கைக் குதிரைகளை ஆராய்ந்து உண்மையை நிறுவினர். மாட்டின் வயிற்றறையில் அதற்கு அதிகக் கேடு செய்யாமல் வாழும் ஒரு நூற்புழு இருக்கிறது. அதன் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டு சேர்க்கிறது. பழக்கமில்லாத உடலில் வழி தெரியாது அலையும் அவை தண்டுவடத்துக்குள்ளும் மூளைக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. மாடு, கொசு, தேங்கிய நீர் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் குதிரைக்கு இவ்வாபத்து உண்டு. நெல் விளையும் தமிழ் நிலத்தில் இம்மூன்றும் கூடாத ஊர் ஏது?

ஆக, போலோ கண்ட சாவுகளில் ஒரு பகுதியை எந்தக் கைத்திறனாலும் தடுத்திருக்க முடியாது. எருதைச் செழிக்க வைத்த நீர்வளமே குதிரைக்குக் கூற்றாயிற்று. அந்நாளில் அவருடைய சொந்த நாட்டு வைத்தியரை அழைத்து வந்திருந்தாலும், கும்ரியின் முன் அவரும் கைபிசைந்தே நின்றிருப்பார்.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1780 ஜூலையில் ஐதர் அலி பெரும் குதிரைப்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவரை எதிர்க்கக் காஞ்சிபுரத்தில் மன்றோவின் படையோடு சேரும்பொருட்டு, வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி தம் படையுடன் வந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் இறுதியில் கொசத்தலையாற்றின் வடகரையை அடைந்தார். அப்போது ஆற்றைக் கடந்திருக்கலாம். வடகரையிலேயே பாளையம் இறங்கினார். அன்றிரவு மழை கொட்டியது. வடகிழக்குப் பருவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருக்கையில், காலந்தப்பிப் பெய்த மழை அது. காலையில் ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அவரால் கடக்க முடிந்தது. அதற்குள் திப்புவின் படை வழியை மறித்துவிட்டது. செப்டம்பர் 6-இல் பேரம்பாக்கத்தருகே மோதல். 10-ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் சீரங்கப்பட்டினத்தில் இறந்தார். அங்குள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. குதிரைகள் அணி அணியாக அதில் நிற்கின்றன.

ஒரு நாள் மழை கம்பெனிப் படையைத் தடுத்த கதையாகவே இது சொல்லப்படுகிறது. அதே வாரத்தில், அதே ஈர நிலத்தில் ஐதரின் குதிரைகளும் நின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. அக்காலத்து இந்தியக் குதிரைப்படையில் சிலேதார் என்னும் முறை பரவியிருந்தது. வீரன் தன் சொந்தக் குதிரையோடு வந்து சம்பளம் பெறுவான். குதிரை செத்தால் அவன் பிழைப்பும் போயிற்று. பீரங்கியின் முன் குதிரையை விடத் தயங்கினர் என்று ஐரோப்பியர் இவ்வீரர்களைக் குறை கூறியதன் உட்பொருள் இதுவே. தன் குதிரையின் குளம்பில் சேறு அடையாமல் பார்த்துக்கொள்ள அவனுக்கு எந்த நூலும் வேண்டியதில்லை. பாண்டியன் இலாயத்துக்கும் சிலேதாரின் பாளையத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னதில் இழப்பு கருவூலத்தைச் சேர்ந்தது. பின்னதில் அது ஒரு குடும்பத்தின் அடுப்பைச் சேர்ந்தது.

கம்பெனியார் கடைசியில் கண்டுகொண்ட வழியும் மருந்தன்று, இடமே. 1824-இல் படைக்குரிய குதிரைகளுக்காக அவர்கள் நிலையம் அமைத்தது கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ அன்று. ஓசூருக்கருகில் மத்திகிரி மேட்டு நிலத்தில். அவர்களுக்கு முன்பே திப்பு சுல்தான் தம் குதிரைப் பண்ணைக்குத் தேர்ந்தது குணிகல். அதுவும் மைசூர்ப் பீடபூமியின் வறண்ட மேட்டு நிலமே. ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் சென்னைக்கு வரத் தொடங்கிய காலத்தில் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் சூழ, அலைகளின் நடுவே அவை கரையேற்றப்பட்ட காட்சியை ஜே. பி. ஈஸ்ட் 1834-இல் வரைந்திருக்கிறார். அப்படி ஈரத்தில் வந்திறங்கிய குதிரைக்கும் பிறகு வேண்டியிருந்தது உலர்ந்த தரைதான்.

சென்னையிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய குதிரைகளைக் காத்த முறை எளிமையானது, ஆனால் ஓயாத உழைப்பைக் கேட்பது. இலாயத்தின் தரை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். செங்கல்லோ கல்லோ பாவி, நீர் வடியச் சிறு சரிவு கொடுக்க வேண்டும். மேலே ஒழுகக் கூடாது. பக்கங்களில் காற்று அடைபடக் கூடாது. மழைக்கு அஞ்சி நாற்புறமும் மூடினால், சிறுநீரின் காரம் மூச்சை அடைத்து நுரையீரலைக் கெடுக்கும். நனைந்த வைக்கோலை அன்றன்றே வாரி எறிய வேண்டும். நாளும் இருவேளை குளம்பைத் தூக்கிச் சுரண்ட வேண்டும். காலில் ஒட்டிய சேற்றை அடிக்கடி கழுவுவதைக் காட்டிலும் காயவிட்டுத் தேய்த்து உதிர்ப்பது நல்லது. கழுவினாலோ ஈரம் போகத் துடைத்தாக வேண்டும். வெளியே போகாத நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். ஈரம் பட்டுப் பூசணம் பூத்த கொள்ளையும் வைக்கோலையும் எவ்வளவு விலை கொடுத்ததாயினும் எறிந்துவிட வேண்டும். அவற்றைத் தின்னும் குதிரைக்கு வயிற்று நோவு வரும், குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாதாகையால் அந்நோவே உயிரையும் குடிக்கும். அந்தி நேரத்தில் புகைமூட்டம் போட்டுக் கொசுவை விரட்ட வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான் இது. மாட்டுக்குத் தொல்லை நீக்கிய அப்புகை, குதிரைக்குக் கும்ரியையே ஓரளவு தடுத்திருக்கும் என்பதை அன்று மூட்டம் போட்டவர் அறிந்திருக்க நியாயமில்லை.

இவ்வேலைகளைச் செய்தவர் யார்? சென்னையில் குதிரை வைத்திருந்த ஐரோப்பியர் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரையும் ஒரு புல்லுக்காரரையும் அமர்த்தும் வழக்கம் இருந்தது. புல்லுக்குப் போனவர் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியே. வரப்பிலும் ஏரிக்கரையிலும் அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை அலசி, சுமந்து வந்து கொடுப்பார். மழைநாளில் அவ்வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். சேறு போக அலசாத புல் மணலோடு குடலில் தங்கி நோவு தரும். அலசிய புல்லோ வெயிலின்றி உலராது. முழங்கால் நீரில் நின்று குதிரைக்குப் புல் செதுக்கிய அப்பெண்ணின் சொந்தக் குடிசை உலர்ந்திருந்ததா என்று எந்தக் கையேடும் கேட்டதில்லை. மேட்டில் இலாயம் கட்டும் அரசு, அதன் பணியாளுக்குப் பள்ளத்தைத்தான் ஒதுக்கியிருக்கும் என்று ஐயுறுவதற்கு இன்றைய நகரமும் சான்று தருகிறது.

மனிதர் கையில் இல்லாத குதிரைகள் ஈரத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்பதற்குக் கோடியக்கரை ஓர் எடுத்துக்காட்டு. முன்னொரு காலத்தில் கைவிடப்பட்டவற்றின் வழியில் வந்த மட்டக் குதிரைகள் அங்கே உவர்ச் சதுப்புக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே வாழ்கின்றன. தாழ்நிலத்தில் நீர் நின்றால் மேட்டுக்கு ஏறிக்கொள்ளக் கட்டுக்கயிறு தடையில்லை. அவற்றின் காப்பு அந்த உரிமைதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மான்களோடு அக்குதிரைகளும் மடிந்தன.

போலோவின் குற்றச்சாட்டுக்கு இப்போது விடை கூறலாம். தீனியிலும் பழக்குவதிலும் பிழைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் நோயின் வேர் நிலத்திலும் நீரிலும் இருந்தது. அதை அன்று உலகில் எவரும் அறியார். தடுக்கக்கூடியவற்றைத் தடுக்கும் அறிவு மாட்டுத் தொழுவத்திலும் ஏரிக்கரையிலும் இருந்தது. அதை உடையவரிடம் குதிரையின் உரிமை இல்லை. உரிமை உடையவருக்குச் செத்த குதிரையின் வாலுக்கும் விலை கொடுக்கும் வசதி இருந்தது. ஒரு நாட்டு மக்களின் அறியாமை என்று எழுநூறு ஆண்டுகளாக நாமும் திருப்பிச் சொல்லி வருவதை இனியேனும் நிறுத்திக்கொள்ளலாம்.

பட்டாபிராமின் இராணுவக் கிளைப் பாதை வரை இன்று மின்தொடர் வண்டி ஓடுகிறது. பக்கத்து ஆவடியில் 1965 முதல் படைக்குரிய டாங்கிகள் செய்யப்படுகின்றன. குதிரைப்படையின் வேலையை இரும்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் சென்னை மாகாணப் படைத்துறையின் பழைய கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் குதிரைகளின் விலையைத் தேடியவர் பலர். குதிரைக்காரருக்கும் புல்லுக்காரிக்கும் மழைக்காலத்தில் என்ன கூலி கொடுத்தார்கள், அவர்களை எங்கே குடிவைத்தார்கள் என்று தேடுவோர் இனி வரவேண்டும். வாசகர்களுள் எவரேனும் அப்பணியை மேற்கொண்டால் பெரிதும் மகிழ்வோம்.